ஒட்டுப்பால் அடைத்த குழாய்

அது என் அண்ணன் ஓட்டிய டிராக்டர். குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை ஓடிப்போகும்போது விட்டுப்போன சின்ன வண்டி. ஜப்பான்காரன் வந்தபின், மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் மரவள்ளிக்கு உழ அதைத்தான் நம்பியிருந்தார்கள். ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் இருமிக்கொண்டே ஓடும்.

கூலிகளுக்கு வந்த அரிசி மூட்டை ஏன் கங்காணி வீட்டுக்குப் போகிறது என்று அண்ணன் ஒருநாள் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் கேட்டான். மறுநாளே சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றும் லாரியில் அவனை ஏற்றிவிட்டார் கங்காணி. லாரி கிளம்பும்போது தங்கப் பல் தெரியச் சிரித்தார். அந்தப் பல்லை என்றைக்காவது நானும் ரசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டிராக்டரில் அவரே ஏறிக்கொண்டார், அதுவும் வெள்ளைச் சட்டையோடு. இஞ்சின் பக்கவாட்டுக் குழாய் புகையோடு எண்ணெயையும் துப்பும். எந்தப் பழைய இஞ்சினும் அப்படித்தான். விசிறிக் காற்று அதை அவர் சட்டையில் தெளித்தது. சில நாள் சலித்துக்கொண்டார். அப்புறம் சட்டை வெளுப்பாகவே இருந்தது. ஆனால் இஞ்சின் கண்ட இடத்திலெல்லாம் ஒழுக ஆரம்பித்தது.

என்னைக் கூப்பிட்டார்.

"டேய், அண்ணன்கூடவே சுத்துனவன் நீதானே. நாளைக்கு ஜப்பான் தொரை வர்றாரு. ஒழுகாம ஓடணும். இல்லைனா அந்த லாரியில ஒனக்கும் எடம் இருக்கு."

"ஓரமா கெடைக்குமா கங்காணியாரே? நடுவுல உக்காந்தா எனக்குத் தல சுத்தும்லா."

"பல்லக் காட்டாத. ஒங்கண்ணன்தான் இஞ்சினக் கொன்னுட்டான். ரிங்கு போச்சு."

சிரித்துக்கொண்டே போனேன்.

கிளப்பிப் பார்த்தேன். எண்ணெய் அளக்கும் கம்பி தானாக எழும்பி வெளியே வந்தது. முன்னும் பின்னும் தண்டு வெளிவரும் இடங்களில் எண்ணெய் வழிந்தது. இஞ்சின் வயிற்றுக்குள் காற்று முட்டுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, வெடிக்கிற புகை மொத்தமும் கீழே இறங்கலாம். அல்லது வழக்கமாக இறங்கும் கொஞ்சப் புகைக்கு வெளியேற வழியில்லாமல் இருக்கலாம்.

நிறுத்தி, இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றி இறுக்கம் பார்த்துக்கொண்டேன். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டிச் சுற்றினேன். ரிங் தேய்ந்திருந்தால் இப்போது இன்னும் இறுகும். இறுகவில்லை. ரிங்கில் கோளாறில்லை. அண்ணன் மேலும் பழியில்லை.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டினேன். அதன் வழியாக மெல்லிய புகை வந்தது. ஒழுகல் நின்றது. அப்படியென்றால் அந்தப் பக்கக் குழாய்தான். விரலை விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டியது. முகர்ந்தேன். ஒட்டுப்பால். மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பர்ப் பால். ஓட்டை வாளியோ ஒழுகும் கூரையோ, எங்கள் லயத்து வீடுகளில் எல்லாவற்றிலும் அதை உருட்டித்தான் அப்புவோம். கங்காணி இஞ்சினிலும் அப்பியிருக்கிறார், சட்டைக்காக. அது சூட்டில் இளகிக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது.

பிடுங்கவில்லை. மூடியைத் திருகிவிட்டு, கங்காணியிடம் போய் வேலை முடிந்ததென்றேன்.

"ஓட்டிக் காட்டுடா."

"எண்ணெய வீணாக்காதீங்க. தொரை வந்தோன்ன நீங்களே ஏறி ஓட்டுங்க. பேரு ஒங்களுக்குத்தான்."

பேர் என்றதும் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் ஜப்பான் அதிகாரி வந்தார். பின்னால் அந்த லாரியும் வந்து நின்றது. நான் குழாயைக் காட்டி அரைகுறை மலாயில் சொன்னேன்: முன்னே இது எண்ணெய் துப்பும் துரை, ஒரு கெட்டிக்காரர் நிறுத்திவிட்டார்.

"சியாப்பா?" யார் என்று கேட்டார் அதிகாரி.

கங்காணி நெஞ்சை நிமிர்த்தினார். "சாயா, துவான்." நான்தான் துரை என்றார். தங்கப் பல் மின்னியது.

அவர் ஏறி உட்கார்ந்ததும் கைப்பிடியைச் சுற்றினேன். கம்பி துள்ளிப் பறந்தது. கறுத்த எண்ணெய் பீறிட்டு அதிகாரியின் பூட்ஸை நனைத்தது. அவர் கை சட்டென்று என் கழுத்துப் பக்கம் வந்தது. அதற்குள் குறட்டால் ஒட்டுப்பாலைப் பிடித்து உருவினேன். குழாய் புகையைக் கக்கியது. எண்ணெய் நின்றது. இஞ்சின் ஒழுங்காக ஓடியது. உருவியதை அதிகாரியின் கண்ணெதிரே நீட்டி, கங்காணியைப் பார்த்தேன்.

கங்காணி கன்னத்தில் அறை விழுந்த சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஒட்டுப்பாலைப் பல்லில் கடிக்க வைத்து அவரை வெயிலில் நிறுத்தினார்கள். நான் எதிரே நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி கிளம்பும் நேரத்தில் அவரையே ஏற்றினார்கள்.

"டேய் தம்பி, தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா."

"ஓரமா உக்காருங்க கங்காணியாரே, தல சுத்தாது. அண்ணனப் பாத்தா, ரிங்கு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

ஜப்பான்காரன் போய்விட்டான். அண்ணன் வரவில்லை. கங்காணியும் வரவில்லை. டிராக்டரை இப்போது நான் ஓட்டுகிறேன். குழாய் என் சட்டையில் துப்புகிறது. துப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.