கேத்தரினின் குரலுக்கு ஓர் ஈக்குவலைசர்

வில்லியத்துக்குத் தன் காதில் அத்தனை பெருமை. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் தகரம் அழுத்தும் ஆலையில், இயந்திரம் போடும் சத்தத்தை வைத்தே எந்த அச்சு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனி கொடுத்த காதடைப்பான் எப்போதும் அவர் கழுத்தில்தான் தொங்கும். காதை அடைத்துக்கொண்டால் இயந்திரம் பேசுவது எப்படிக் கேட்கும் என்பார்.

அதே காதுதான் அவருக்குச் சர்ச்சிலும் ஓர் இடத்தை வாங்கித் தந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை வழிபாடு சர்ச் வளாகத்தைச் சுற்றி நடக்கும். பாடகர் குழு கூட்டத்தோடு நடக்க வேண்டும் என்பதால், பாடல்களை முன்பே கேசட்டில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடுவார்கள். ஜனங்கள் சேர்ந்து பாடுவார்கள். அந்தக் கேசட்டைத் தயாரிப்பது வில்லியத்தின் வேலை. ஜெலுத்தோங்கில் இருந்த அவர் வீட்டுக்குக் கணினி வந்த பிறகு, பதிவை அதில் ஏற்றி, பாட்டுப் போடும் மென்பொருளில் ஒலியைத் திருத்தி, மறுபடி கேசட்டில் எடுப்பார்.

1999ஆம் ஆண்டு அந்தப் பதிவு அவரைப் படாத பாடு படுத்தியது. முன்னால் நின்று பாடுவது அவர் மனைவி கேத்தரின். அவள் குரலில் சொற்களின் ஓரமெல்லாம் தேய்ந்துபோய்க் கேட்டது. மைக்கைச் சந்தேகித்தார். வயரை மாற்றினார். மனத்தின் மூலையில் வேறொரு சந்தேகம் இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இந்த வேலை கைவிட்டுப் போனால், காது போன செய்தி எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சூலியா தெருவில் கணினிக் கடை வைத்திருந்த சிக்கந்தரிடம் போய், ஒலியைக் கூட்டிக் குறைக்க மென்பொருளோடு வந்த ஈக்குவலைசர் போதவில்லை என்றார். சிக்கந்தர் அந்த மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய மூன்று பிளக்-இன்களை டிஸ்கட்டில் போட்டுக் கொடுத்தான்.

"போட்டுப் பாருங்கண்ணே. எது புடிக்குதோ அத வச்சிக்குங்க. பொண்ணு பாக்குற மாதிரி ரொம்ப யோசிக்காதீங்க லா."

முதலாவதில் குமிழ்கள் குறைவு. எல்லாவற்றையும் உச்சிக்குத் தள்ளியும் போதவில்லை. இரண்டாவது, ஹால், ராக் என்று தயாராக வைத்திருந்த அமைப்புகளைத் தவிர எதையும் தொட விடவில்லை. மூன்றாவதில் திரை முழுக்கக் குமிழ்கள் வரிசைகட்டி நின்றன. வலது கோடியில் இருந்தவை மெல்லிய, கூர்மையான ஒலிகளுக்கானவை. அவற்றை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார். கேத்தரினின் குரல் மூடியைத் திறந்தாற்போல் வெளியே வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவு. கோளாறு பதிவில்தான், நம்மிடம் இல்லை என்று பெருமூச்சு விட்டுக் கேசட்டை எடுத்து முடித்தார்.

ஒத்திகையன்று சர்ச்சில் அதைப் போட்டதும் சொற்களெல்லாம் சுர்ரென்று சீற, முன்வரிசையில் இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். குழுவை நடத்தும் சவுந்தரம் டீச்சர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பின்வரிசைப் பாடகன் ஹென்றிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, ரெக்கார்ட் பண்ணும்போது பக்கத்துல யாரும் மீன் பொரிச்சாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஒலிபெருக்கி பழசு என்றார் வில்லியம். போன வாரம்தான் புதுசு மாட்டினோம் என்றார் டீச்சர். கேத்தரின் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வில்லியம் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன் உட்கார்ந்து சிக்கந்தரைத் திட்டினார். பிளக்-இன் மோசம், வேறு வாங்க வேண்டும் என்றார். கேத்தரின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் இப்படி எதிரே வந்து நின்றுதான் பேசுகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எத்தன பிளக்-இன் மாத்துவீங்க?"

"நல்லது கிடைக்கிற வரைக்கும்."

"அடுப்புல குக்கர் விசில் அடிக்கும்போது பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நானும் எவ்வளவு நாள்தான் தெரியாத மாதிரி இருக்கிறது?"

 வில்லியம் தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். பயம்தான் வந்தது. ஆலையில் இயந்திரம் தப்பாக ஓடி, அது தன் காதில் விழாமலே போன நாள்கள் எத்தனை இருக்கும்?

"டீச்சருக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"நான் ஏன் சொல்லப்போறேன்? நீங்க சொல்லணும். ஒரு காது டாக்டர்கிட்டயும்."

அவர் திரையைப் பார்த்தார். மௌஸைப் பிடித்துப் பாட்டை ஓடவிட்டு, வலது கோடிக் குமிழைக் கீழே இழுத்தார். அவள் இன்னும் என்றாள். இழுத்தார். அடுத்ததையும் என்றாள். ஒவ்வொரு இழுப்புக்கும் பாட்டில் அவள் குரல் அவரை விட்டுக் கொஞ்சம் விலகிப் போயிற்று.

"போதும். இப்ப நல்லா இருக்கு" என்றாள் கேத்தரின்.

அவருக்கு அது அடுத்த வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பாடுவதுபோல் கேட்டது. நிஜமாகவே நல்லா இருக்கா என்று ஒருமுறை கேட்டார். அவள் தலையசைத்தாள். வில்லியம் புதுக் கேசட்டைப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினார்.