ரோட்டுக்குத் தெரிந்த வெள்ளை

மொட்டை மாடியில் ஒரு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் வீட்டுக்குள் சூடு இறங்காது, கரண்டு மிச்சமாகும் என்று பஞ்சாயத்தில் திட்டம் வந்தது. எனக்குக் கரண்டு பெரிதில்லை. பக்கவாதம் வந்து பின்னறையில் கிடக்கும் என் வீட்டுக்காரர் பகலில் கொஞ்சமாவது உறங்க வேண்டும். உச்சிவெயிலில் அந்த அறையின் கான்கிரீட், தோசைக்கல். முதுகெல்லாம் புண் வரப் பார்த்தது.

எங்கள் வீடு சுசீந்திரம் பஸ் ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டில் நின்றால் முன்னறையின் மாடி தெரியும், பின்னறை தெரியாது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் முன்பக்கம் மட்டும் அடித்து டின்னை மூடினார்கள். வார்டு மெம்பர் ரோட்டில் ஏறி நின்று போட்டோ எடுத்தார். அவர் இறங்கி வந்ததும் கதவு மறைவில் நின்று, "பின்னால..." என்று இழுத்தேன்.

"படத்துல விழாத எடத்துக்கு எதுக்கு பெரிம்மா பெயின்ட்டு?" என்று சிரித்தார்.

வெயிலும் தன்னைப்போல போட்டோவுக்குத்தான் வந்து நிற்கும் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி, கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டேன். தெற்கே தலை வைத்துத்தான் போட முடிந்தது. எங்கள் பக்கத்தில் பிணத்தைத்தான் முன்னறையில் அப்படிக் கிடத்துவார்கள்.

"ஏட்டி, இப்பமே முன்ன கொண்டு கெடத்திட்டியா?" என்றார் இவர்.

"வாய மூடிட்டு ஒறங்குங்க."

உறங்கினார். குறட்டை கேட்டு எத்தனை நாளாயிற்று!

அந்த வாரமே மெம்பர் ஒரு ஆபீசரோடு, திட்டத்தின் பெயர் எழுதிய போர்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வாசலில் நின்று கட்டிலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், கையைக் கட்டினார், முகத்தைத் தொங்கப்போட்டார்.

"எப்பம் பெரிம்மா? ஒரு வார்த்த சொல்லி விடப்பிடாதா?"

நான் வாயைத் திறக்குமுன் இவர் கண்ணைத் திறந்தார். "நான் எங்கயும் போகல்ல மெம்பரே. பின்னால ஒரே வெக்கை. அதான் இங்க கெடக்கேன்."

மெம்பர் வெட்கப்பட்டால்தானே! ஆபீசர் பக்கம் திரும்பி, "பாத்தியளா சார், திட்டம் எப்பிடி வேல செய்யுது! ஆளு சொகமா ஒறங்குதாரு. பெரிம்மா, கட்டில் பக்கத்துல நில்லுங்க, ஒரு படம்" என்று போனை எடுத்தார்.

ஆண்கள் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அன்று பேசினேன்.

"வெளிய போங்க. கதவ அடைக்கணும்."

அடைத்தேன். இவர் மறுபடி கண் அசந்தார். வெளியே அவர்கள் போர்டைச் சுவரில் வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் போன உறக்கம் அன்று பொழுது சாயும்வரை இவருக்குத் திரும்பவில்லை.