நான் சாகவில்லை என்று ஆண்டவர் எழுத வைத்தார்

சாவிலிருந்து தப்பித்தவர்களின் சாட்சிகளை நம் கோயிலில் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். என்னுடையது அப்படி இல்லை. நான் செத்தே போனவள். சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுச் சாகடிக்கப்பட்டவள். ஆண்டவர் என்னை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதை எழுதித் தரும்படி நம் பங்குச் சாமியார் கேட்டார். எழுதுகிறேன்.

என் பெயர் ஞானம்மா. சாரம் பகுதியில் குடியிருக்கிறேன். மில்லில் நூல் சுற்றும் வேலை. 1957ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. ஆறு மணிச் சங்கு ஊதி, பெண்களோடு பெண்ணாக நானும் உள்ளே நுழைகிறேன். வாசல் குமாஸ்தா கையை நீட்டி மறித்தார்.

"நீ உள்ள போவக் கூடாது. உம்பேர அடிச்சாச்சு."

"ஏன், நான் என்னா தப்பு பண்ணேன்?"

"நீ செத்துட்ட. மேரிலேர்ந்து காயிதம் வந்துருக்குது."

மேரி என்று நாங்கள் சொல்வது நகராட்சி அலுவலகத்தை. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் அங்கேதான் எழுதுவார்கள். அப்போது பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகப்போகிற சமயம். புத்தகம் மட்டும் அதே புத்தகம், அதே பிரெஞ்சு எழுத்து.

"நான் செத்துட்டேன்னா, சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் ஒங்க நூல சுத்துனது யாரு, பேயா?" என்று கேட்டேன். பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் இது எங்கிருந்து வந்தது என்று உறைத்தது.

மறைக்காமல் சொல்கிறேன். தப்பு எங்களுடையது. என் மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் அந்தோணி, குருசுக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி சவரியம்மா எனக்கு ஓரகத்தி. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குழம்பில் உப்பு என்று ஆரம்பித்தால் நடுத்தெருவில்தான் முடியும். அந்த ஆடி மாதம் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மில்லுக்குள் தொழிலாளிகளுக்கென்று ஒரு சின்ன வைத்தியசாலை உண்டு. நல்ல டாக்டர், நல்ல மருந்து. ஆனால் அட்டை இருந்தால்தான் சேர்ப்பார்கள். அட்டையில் படம் கிடையாது. பெயரும் நம்பரும் மட்டும்தான். சவரியம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஞானு, என்னைக் காப்பாத்து." என் அட்டையை எடுத்து மச்சாண்டார் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சவரியம்மா இறந்துபோனாள். வைத்தியசாலை என் பெயரில் மேரிக்கு எழுதியது. மேரி என் பெயரில் அடக்கச் சீட்டுக் கொடுத்தது. பிரெஞ்சில் இருந்த அந்தச் சீட்டை மச்சாண்டார் நாலாக மடித்துக் கோயில் பிள்ளையிடம் கொடுத்தார். கோயிலில் மணியடித்து, கல்லறை வேலைகளையும் பார்ப்பவர் அவர்தான். பெட்டியில் இருப்பது யார் என்று ஊருக்கே தெரியும்போது சீட்டை யார் படிப்பார்கள்? பிரித்தே பார்க்காமல் கம்பியில் குத்திவைத்துவிட்டார். நாங்கள் எல்லாரும் அழுது, சவரியம்மாவை மண்ணில் இறக்கிவிட்டு வந்தோம். என்னையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்பது, மேரியின் காகிதம் மில்லுக்கு வந்து சேரும்வரை எனக்கே தெரியாது.

மேரிக்கு ஓடினேன். அங்கிருந்த குமாஸ்தா எழுதிக்கொண்டே இருந்தார்.

"மெசியே, ஐயா, கொஞ்சம் தலய தூக்கிப் பாருங்க. செத்தவ வந்து நிக்கறேன்."

நிமிர்ந்து பார்த்தார். "பாத்துட்டேன். பாத்தத எழுத எனக்கு அதிகாரம் இல்லம்மா. புத்தகத்துல ஏறினத கோர்ட்டு சொன்னாத்தான் மாத்தலாம்."

வீட்டுக்கு வந்து கோர்ட்டு என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் சூசை எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவரும் அதே மில்லில் தறி ஓட்டுகிறவர். அட்டை மாறிய கதை வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும், ஒருவேளை ஜெயில்கூட என்று பயந்தார். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அண்ணி காயிதத்துல உசுரோடதான இருக்காங்க? நீ அவங்க பேர்ல புதுசா மில்லுல சேந்துக்க. யாருக்கும் வம்பில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்ப காயிதப்படி நான் ஒங்க அண்ணனுக்குப் பொண்டாட்டியா? இத சொல்ல ஒங்களுக்கு வாய் கூசல?" என்று கத்தினேன். அவர் வெளியே போய்விட்டார். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவர் பக்கம்தான். பேரில் என்ன இருக்கிறது, வயிறுதான் முக்கியம் என்றார்கள். பேரில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் யாரும் தங்கள் பெயரைக் கழற்றிக் கொடுக்க முன்வரவில்லை.

இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். காலையில் சங்கு ஊதும்போது கால் தானாக எழுந்துவிடும், போக இடம் இருக்காது. ஒருநாள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்பு வந்த உடனே எனக்குப் பயமாகிவிட்டது. அவர்கள் எழுதியதை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன் அல்லவா? எழுந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். பணிவாகச் செபித்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். சண்டைதான் போட்டேன்.

"மாதாவே, நான் உயிரோடு இருக்கிறது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மேரிக்குத் தெரியவில்லை. நீ தெரியப்படுத்து. அதுவரைக்கும் உன்னை விடமாட்டேன்" என்றேன். கல்லறைத் திருநாளில் முடியும்படி ஒன்பது நாள் செபமாலை நேர்ந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் கல்லறைக்குப் போனேன். உங்களுக்குத் தெரியும், அன்று ஊரே அங்கேதான் இருக்கும். சுண்ணாம்பு வாசனையும் மெழுகுவர்த்திப் புகையுமாக இருந்தது. மச்சாண்டார் தன் மனைவியின் சிலுவைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அதில் கறுப்பு எழுத்தில் "சவரியம்மா" என்று இருந்தது. எனக்குத் தெரிந்து, எழுத்தில் அவள் செத்ததைச் சரியாகச் சொன்னது அந்த ஒரு மரக்கட்டைதான். அது என் நெஞ்சில் தைத்தது. என் உயிரைக் கொடு என்று ஒன்பது நாள் கேட்டேனே, அவளுடைய சாவு அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒருநாளாவது நினைத்தேனா?

எங்கள் வழக்கத்தில் மச்சாண்டார் முகத்துக்கு நேரே நின்று பேசமாட்டோம். பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன்.

"மாமா, கோர்ட்டுல வந்து உண்மைய சொல்லுங்க. செத்தது அக்கான்னு சொல்லுங்க."

அவர் வெள்ளையடிக்கும் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கியபடியே இருந்தார். பிறகு, "காயிதத்துலயாவது அவ உசுரோட இருக்கட்டுமே, ஞானம்மா" என்றார்.

அவர் ஜெயிலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"அது அக்கா இல்ல மாமா. என்னைத்தான் அவங்க பேர்ல வாழச் சொல்றாங்க. அக்காவுக்கு ஒரு பூசகூட அவங்க பேர்ல மிச்சம் இருக்காது."

அவர் மறுபடியும் வெள்ளை அடிக்கத் திரும்பினார். நான் அங்கிருந்து நேராகச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டினார். திட்டிவிட்டு அடக்கப் புத்தகத்தை எடுத்தார். அதில் சவரியம்மா என்று அவரே எழுதியிருந்தார். பிறகு கோயில் பிள்ளை கம்பியில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். அதே தேதிச் சீட்டு, நாலு மடிப்பும் கலையாமல் இருந்தது. பிரித்தால் என் பெயர். கோயில் பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அடக்கத்தன்றைக்கே அவர் அதைப் பிரித்துப் படித்திருந்தால் தகராறு வந்து அந்தச் சீட்டு கிழிபட்டிருக்கும். ஆண்டவர் அதைப் பத்திரமாகக் குத்திவைத்திருந்தார்.

"இது ரெண்டும் வலுவான அத்தாட்சி," என்றார் சாமியார். "ஆனா அட்டை எப்படி கை மாறுச்சுன்னு கேப்பாங்க. வாங்கினு போனவரே சொல்லணும்."

சாமியார் எழுதித் தந்த மனுவைக் கோர்ட்டில் போட்டேன், அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை. மச்சாண்டார் மனசைத் திருப்பு என்று தினமும் கேட்டேன். தை முடிந்து, தவசு காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோர்ட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் என்னோடு வந்தார். பயத்தோடுதான் வந்தார், ஆனால் வந்தார். நீதிபதி காகிதங்களைப் புரட்டிவிட்டு, செத்தவள் நீ இல்லை, சவரியம்மாதான் என்று யார் சொல்வது என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் சொல்றேங்க."

மச்சாண்டார் நின்றுகொண்டிருந்தார். கடலிலிருந்து நேராக வந்திருக்கிறார். வேட்டி முழங்கால் வரைக்கும் ஈரம்.

"அட்டைய வாங்கினு போனது நான்தாங்க. செத்தது எம்பொண்டாட்டி சவரியம்மா. இந்தப் பொண்ணு என் தம்பி சம்சாரம். உசுரோட இருக்குது, எழுதிக்குங்க."

சொல்லி முடித்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவி செத்ததை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நீதிபதி எங்கள் மூன்று பேரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கடுமையாகக் கண்டித்தார். பிறகு பதிவைத் திருத்தும்படி உத்தரவு போட்டார். அட்டையைக் கொடுத்ததற்காக மில்லில் என்னை இன்னும் ஒரு மாதம் வெளியே நிறுத்தினார்கள். நிறுத்தட்டும். அது ஞானம்மாவுக்குக் கிடைத்த தண்டனை. செத்தவளுக்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை.

மேரியில் அதே குமாஸ்தா என் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில், இவள் சாகவில்லை என்று எழுதினார். அடுத்ததாகச் சவரியம்மாவின் சாவை எழுதினார். மச்சாண்டார் கட்டைவிரல் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன், கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

இப்போது 1962. இந்த நாலு வருஷமும் கல்லறைத் திருநாளில் அவள் சிலுவைக்கு வெள்ளை அடிப்பது நானும் மச்சாண்டாரும்தான். உயிரோடு இருந்தபோது அவளோடு பேசாததை எல்லாம் அங்கே பேசுகிறேன். பொய்யாக ஒரு அட்டைகூட அதற்குப் பிறகு என் வீட்டிலிருந்து வெளியே போனதில்லை.

அக்கா தங்கச்சிகளே, உன் கதை முடிந்தது என்று யாராவது காகிதத்தைக் காட்டினால், அதற்குத் தலையாட்டாதீர்கள். ஆண்டவரிடம் போய் உங்கள் தப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். சண்டை போட்டே கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நான் எழுதியதில் சந்தேகம் இருந்தால், நாளைக் காலை ஆறு மணிச் சங்குக்கு மில் வாசலுக்கு வாருங்கள். முதல் ஆளாக உள்ளே போகிறவள் நான்தான்.