பாகீரதியின் முந்தானை

கல்கத்தா பவானிபூர் சந்தில் பாகீரதியின் வீட்டை விசாரித்தால், "பஸ் கம்பெனியை ஜெயித்த மாஷிமாவா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வங்காளிப் பிள்ளைகள் கையைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் அவளுக்கு 1926-இல் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வருஷம் அவளுக்கு இருந்த பெயர் வெறும் 'பாவம்'தான்.

கிடர்பூரில் தங்கையின் சீமந்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய மத்தியானம் அது. பஸ் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றியாயிற்று, இன்னொன்று படியில். உள்ளே யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பாராமலே போகலாம் என்று பஸ்ஸின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். வண்டி கிளம்பிவிட்டது. பின்சக்கரம் ஏறிய இடது காலை, முழங்காலுக்குக் கீழே, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி ஆள் இருநூறு ரூபாயும் ஒரு காகிதமும் கொண்டுவந்தான். 'என் அஜாக்கிரதையால் நடந்தது' என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"போட்டுடேன்," என்றார் கணவர் சுந்தரேசன். பாங்கில் குமாஸ்தா. யாரோடும் உரசாமல் வீடு வந்து சேர்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வீரம். "பொம்மனாட்டி கோர்ட்டுக்குப் போனா நாலு பேர் என்ன சொல்லுவா?"

"பணத்தை வேணாக் குறைச்சுக்கட்டும். தப்பு என்னோடதுன்னு மட்டும் எழுத மாட்டேன்."

நாலு பேர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி காப்பி டம்ளரை வைத்துவிட்டு நீட்டி முழக்கினாள். "ஒம்பது கஜத்தைச் சுத்திண்டு பஸ்ல ஏறினா வேற எப்படி ஆகும்? எங்கேயாவது தடுக்கியிருக்கும், பாவம்."

அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இல்லாத கட்டைவிரல் அரிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் சேர்ந்து அரித்தது. தடுக்கித்தோ? நாம்தான் சரியாகக் கட்டிக்கொள்ளவில்லையோ?

மேல்மாடியில் குடியிருந்த வக்கீல் ஹரிபத பாபு அலிப்பூர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். உடுத்தியிருந்த துணி மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று கம்பெனி இங்கிலீஷில் பதில் எழுதியது. சுந்தரேசன் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். பெண்டாட்டி புடவையைப் பற்றி இன்னொரு ஆண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது? ஹரிபத பாபுவோ, மாடிப்படியில் பாகீரதி எதிர்ப்பட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறவர். அவள் என்ன உடுத்துகிறாள் என்று பத்து வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை.

விசாரணை நாளன்று பாகீரதி தங்கையைத் துணைக்கு வைத்துக்கொண்டு மடிசாரைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டாள். கக்கத்தில் கட்டைகளோடு போய்க் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் கூண்டில் ஏறி வங்காளியில் ஆரம்பித்தான். "முந்தானை இடது தோளிலிருந்து முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது, ஹுஜூர். நுனியில் சாவிக்கொத்து. அது படிக்கம்பியில் மாட்டி, நான் தட்டுவதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டார்."

இவளுக்குப் புரியாது என்றுதான் சுந்தரேசன் நினைத்திருந்தார். கறிகாய்காரனோடு பத்து வருஷம் பேரம் பேசிய வங்காளி அது, ஒரு சொல் தப்பவில்லை. பாகீரதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன்னா, அவன் சொல்றது மேல்மாடி வக்கீலாத்து மாமியோட வங்காளிக் கட்டை. என்னோடதை இல்லை."

"சும்மா இரு. கோர்ட்டு."

"இருக்க மாட்டேன். பாபுகிட்டச் சொல்லுங்கோ."

காது சிவக்கச் சுந்தரேசன் போய்ச் சொன்னார். ஹரிபத பாபு திரும்பி, பத்து வருஷத்து மரியாதையை ஒரு நிமிஷம் தள்ளிவைத்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கண்டக்டரிடம் ரொம்ப இதமாகக் கேட்டார்.

"முந்தானை எதுவரை தொங்கியது, அப்பா?"

"முழங்கால்வரை."

"சாவிக்கொத்து?"

"கலகலவென்று சத்தமே கேட்டது."

"கண்ணால் பார்த்தாயா?"

"இதே கண்ணால்."

"என் கட்சிக்காரர் எழுந்து நிற்க அனுமதி வேண்டும்," என்றார் ஹரிபத பாபு.

பாகீரதி எழுந்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் நின்றதே இல்லை. கட்டைகள் கிரீச்சென்றன. முந்தானை வலது தோளில் ஏறி, உடம்பைச் சுற்றி வந்து, இடுப்பில் இறுகச் செருகியிருந்தது. கீழே கச்சம், அதுவும் பின்னால் இழுத்துச் செருகியது. தொங்குவதற்கு ஒரு விரல்கடைத் துணி இல்லை.

"எப்போதும் இப்படித்தானா?" என்று நீதிபதி கேட்டார்.

"கல்யாணமான நாளிலிருந்து," என்றாள் வங்காளியில். "எங்கள் வீட்டில் வேறு கட்டு கிடையாது."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அன்றைக்கு மட்டும் வேறு மாதிரி..."

"உங்கள் சாட்சி சொல்லட்டும்," என்று நீதிபதி கண்டக்டர் பக்கம் திரும்பினார். "சாவி தொங்கிய இடத்தைக் காட்டு."

அவன் அவள் தோளைப் பார்த்தான், இடுப்பைப் பார்த்தான். பிறகு முழங்காலுக்குக் கீழே வெறுமையாய் மடிந்திருந்த துணியில் அவன் பார்வை வந்து நின்றுவிட்டது.

"நான் பார்க்கவே இல்லை, ஹுஜூர். ஆபீஸ் பாபு சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இறங்கியிருப்பார் என்று நினைத்துத் தட்டிவிட்டேன்."

பாகீரதிக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. உடம்பு லேசாகியிருந்தது. தடுக்கவில்லை. எதுவும் தடுக்கவில்லை.

இரண்டாயிரம் ரூபாய் தீர்ப்பாயிற்று. நகல் வந்ததும் சுந்தரேசன் தொகையிலிருந்து ஆரம்பித்தார். அவள் மறித்தாள். "அது கிடக்கட்டும். தப்பு யாரோடதுன்னு போட்டிருக்கு? அதைப் படிங்கோ."

கம்பெனியின் அஜாக்கிரதை என்று படித்தார்.

"இன்னொரு தடவை."

படித்தார். மூன்றாவது தடவை அவள் கேட்காமலே, சுவருக்கு அந்தப்புறம் அனந்தலக்ஷ்மிக்குக் கேட்கிற மாதிரி, உரக்கப் படித்தார். மனுஷனுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மரியாதை பார்த்துப் பார்த்தே கேஸைத் தோற்றிருப்பேன்," என்று ஹரிபத பாபு பின்னால் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

முதல் செலவு மரக்கால். அது பழகின பிறகு, தங்கை குழந்தையின் ஆண்டு நிறைவுக்குக் கிடர்பூர் புறப்பட்டாள். குதிரை வண்டி கூப்பிடுகிறேன் என்றார் சுந்தரேசன். பஸ் போதும் என்றுவிட்டாள்.

திரும்பும்போது பவானிபூர் முனையில் கண்டக்டர் "ரோக்கே!" என்று கத்த, வண்டி நின்றது. மரக்காலை முதலில் தரையில் வைத்தாள். நின்று, மற்ற காலையும் இறக்கினாள். கச்சத்தைச் சரிபார்த்தாள். கண்டக்டர் கையைத் தூக்கினான்.

"இரு, அப்பா," என்றாள்.

ஓரடி ஒதுங்கி நின்றுகொண்டு, பஸ்ஸின் தகரத்தைத் தானே இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி கிளம்பிற்று.