செவுளுக்குள் என் கட்டைவிரல்

மீனைப் பற்றி எனக்கு எவரும் பாடம் நடத்த வேண்டாம் என்ற திமிரோடுதான் இருபத்தாறு வருடம் ஓட்டினேன். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள் நான். விடியும் முன் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினால் மத்தியானத்துக்குள் கூடை காலியாகிவிடும். கண்ணைப் பார்ப்பேன், கட்டைவிரலால் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பு எவ்வளவு என்று பார்ப்பேன், மீன் எப்போது செத்தது என்று சொல்லிவிடுவேன். அதில் என்னை மிஞ்ச அந்த மார்க்கெட்டில் ஆள் கிடையாது. நான் பார்த்ததெல்லாம் செத்த மீன்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தது என் வீட்டுக்காரர் வாங்கி வந்த மீன். அவர் துறைமுகத்திலிருந்து மாதவரத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டியவர். சர்க்கரை ஒரு பக்கம், புரை ஒரு பக்கம் என்று இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் எர்ணாவூர் பாலத்தில் முன்னால் போன பைக் தெரியாமல் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டியை யார்டில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. சர்க்கரை இறங்கினால்தான் கண்ணில் கத்தி வைப்போம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அது இறங்குவேனா என்றது. வருடக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தோஸ்து ஒருவரோடு கலர் மீன் கடைகள் இருக்கிற கொளத்தூருக்குப் போய், கண்ணாடித் தொட்டியும் அதற்குள் விரல் நீளத்தில் ஒரு ஆஸ்கர் மீன் குஞ்சும் வாங்கி வந்தார். நான் கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டிருக்கும். மீன் விற்கிறவள் வீட்டில் மீனுக்குக் கண்ணாடி மாளிகை கட்டி, மீனுக்குக் கரண்ட் போட்டு, மீனுக்கு இறால் வாங்கிப் போடுவதா? அவர் பாட்டுக்கு மாதா படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் தொட்டியை ஏற்றினார், எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வருடம் திரும்புவதற்குள் அது ஒரு சாண் வளர்ந்தது. அதை நைனா என்றுதான் கூப்பிடுவார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே கண்ணாடியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும், தலையிலிருந்து வால்வரை உடம்பையே ஆட்டும். இறாலுக்குத் தாமதமானால் தண்ணீரை வாயில் எடுத்து வெளியே பீச்சும். சட்டை நனைந்து அவர் சிரிப்பார். வண்டியை விட்ட நாளிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை. பொறாமையாக இருந்தது, அதை ஒளிப்பானேன்? என்னிடம் ‘சோறு’, ‘மாத்திரை’ என்று இரண்டே வார்த்தை பேசுகிற மனுஷன், அதனிடம் மத்தியானம் முழுக்கப் பேசுவார்.

நான் தொட்டிக்குள் கையை விட்டால் மட்டும் அது மூலைக்கு ஓடி முதுகைக் காட்டும். என் கையில் இருக்கிற வாசனை என்னவென்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. ‘போடா, உன்னைப் போல ஆயிரம் பேரை அறுத்தவ நான்’ என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்படியாக அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருந்தோம்.

ஒருவழியாக சர்க்கரை இறங்கியது, ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி, மூடினால் புழுக்கம். பத்து நாள் இந்தப் பக்கமே வரக் கூடாது, போனையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் கண்ணில் கட்டோடு பெரம்பூரில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் கட்டுப் பிரிக்க அவளே கூட்டிப்போவதாக ஏற்பாடு. நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல கண்ணோட வந்து மொதல்ல அத்த முழுசா ஒருவாட்டி பாக்கணும்மே. பத்ரமா பாத்துக்க.”

பெண்டாட்டியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். ஆனால் அத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான், அதனால் அந்த மீனைப் பத்து நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்பே பாடம் நடத்தியிருந்தார். லாரித் தண்ணியை டிரம்மில் இரண்டு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், வாரத்துக்குக் கால் பங்குக்கு மேல் மாற்றக் கூடாது, கல்லைத் தொடக் கூடாது. டிரம் விஷயத்தை மட்டும் கேட்டுக்கொண்டேன். மற்றதற்கு என் தொழில் புத்தி இடம் கொடுக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கூடை, பலகை, கத்தி எல்லாவற்றையும் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து, அலசிக் கவிழ்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். மீன்காரி வீட்டில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிடக் கூடாது. மூன்றாம் நாள் தொட்டியைப் பார்த்தால் ஓரமெல்லாம் பச்சைப் பாசி, கலீஜாக இருந்தது. கால் பங்கு அழுக்கை எடுத்துவிட்டு முக்கால் பங்கை விட்டுவைப்பது எந்த ஊர் சுத்தம்?

மீனை ஒரு வாளியில் விட்டேன். தொட்டியைக் காலி செய்து கல்லுப்பால் தேய்த்தேன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரின் பஞ்சு வெள்ளையாகும்வரை பிழிந்தேன். கற்களை ஒவ்வொன்றாகக் கழுவி அழகாக நடுவில் அடுக்கினேன். டிரம் தண்ணீரை நிரப்பியதும் தொட்டி பளபளவென்று மின்னியது, எனக்கே பெருமையாக இருந்தது.

மீனை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் நடுவில் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது.

அதன் சிவப்பெல்லாம் வடிந்து சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன், இறாலைக் காட்டினேன். அசைவில்லை. ஒரு பக்கக் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. அப்படிப் படுத்த மீனைத் தினமும் நூற்றுக்கணக்கில் பார்ப்பவள் நான், எனக்கா தெரியாது? அடிப்பாவி, கொன்றுவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்திலும் என் புத்தி குறுக்கே ஓடியது. கொளத்தூருக்குப் போய் இதே அளவில் இன்னொன்று வாங்கிப் போட்டுவிட்டால் என்ன? மங்கிய கண்ணால் பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? உடனே ஒன்று தோன்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு மீனை அடையாளம் தெரியாமல் போகலாம், ஆனால் புது மீனுக்கு அவரைத் தெரியாதே.

செத்து எவ்வளவு நேரம் ஆனது என்றாவது பார்ப்போம் என்று கையை உள்ளே விட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு? கட்டைவிரலால் செவுளைத் தூக்கினேன். உள்ளே ரத்தச் சிவப்பு. மார்க்கெட்டில் அதற்கு அர்த்தம், இப்போதுதான் செத்தது, ஃபர்ஸ்ட் கிளாஸ் சரக்கு. உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என் கையில் கிடையாது, அதற்கு ஒருநாளும் தேவை வந்ததில்லை.

அப்போது அந்தச் செவுள் என் விரலை அழுத்தியது.

நான் கையை எடுக்கவில்லை. எடுக்கவும் முடியவில்லை. செவுள் திறந்தது, மறுபடி மூடி என் கட்டைவிரலைப் பிடித்தது. மறுபடி திறந்தது. உள்ளே தண்ணீர் போய்வருவது நகத்தில் தெரிந்தது. மூச்சு விடுகிறது! இருபத்தாறு வருடமாக எத்தனை லட்சம் செவுளைத் தூக்கியிருப்பேன், அது எதற்காக இருக்கிறது என்று என் கைக்கு அன்றுதான் தெரிந்தது. மாதா படத்தைப் பார்த்தேன். கும்பிடக்கூடக் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

கொளத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சாவகாசமாகச் சொன்னார்.

“யக்கா, அது சாவல. கோச்சிகினு படுத்துகினு கீது.”

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். மீன் கோபித்துக்கொள்ளுமா, யாரிடம் கதை விடுகிறாய் என்றேன். அவர் சிரித்தார். இந்த ஜாதி மீன் அப்படித்தானாம். இடத்தைக் கலைத்தால் பிடிக்காது, செத்தது போலப் படுத்து எதிர்ப்பைக் காட்டுமாம். ஆனாலும் நான் பஞ்சைப் பிழிந்து அதிலிருந்த நல்ல கிருமியையும் கொட்டிவிட்டதால் ஆபத்து தீரவில்லை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள், கல்லைப் பழைய இடத்தில் வையுங்கள் என்றார்.

மற்றதெல்லாம் செய்தேன். கல் எங்கே இருந்தது என்றுதான் தெரியவில்லை. தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகிறேன், ஒருநாளாவது பார்த்திருந்தால்தானே? அவரைக் கேட்டால் விஷயம் உடைந்துவிடும். தினமும் நாத்தனார் போனிலிருந்து அவர், நைனா எப்படி இருக்கிறது என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர் நாற்காலியில்தான். மூன்று நாள் அது எழுந்திருக்கவில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் அதனிடம் கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் நைனா, அந்த மனுஷன் உன்னைப் பார்க்கத்தான் வருகிறார், எழுந்திரு என்று கெஞ்சினேன். கண் மட்டும் என் பக்கம் உருண்டது. நான் இடது பக்கம் நகர்ந்தால் இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனால் வலது பக்கம் வந்தது. படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

அது படுத்த நான்காம் நாள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அது எழுந்தது. நடுவில் நான் அடுக்கியிருந்த தட்டையான கல்லிடம் போய் வாயை வைத்துத் தள்ளியது. கல் அரை விரல் நகர்ந்தது. நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தள்ளியது. என் உள்ளங்கை அகலக் கல் அது. தட்டில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளித் தள்ளி அதை இடது மூலைக்குக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, அதன் நிழலில் போய் நின்றுகொண்டது. வீட்டைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள நான் ஒருத்திதான் என்று இருந்தேனே, இதற்கும் தன் பொருள் இருந்த இடம் ஞாபகத்தில் இருக்கிறது. தட்டில் சோறு காய்ந்து போனது.

மறுநாள் எலுமிச்சம்பழத்தால் கையை நாலுமுறை தேய்த்துக் கழுவிவிட்டு, இறாலைப் பிடித்தபடி விரலைத் தண்ணீரில் வைத்தேன். வெகுநேரம் யோசித்தது. பிறகு வந்து இறாலை எடுத்துக்கொண்டு போயிற்று. விரலில் அதன் உதடு பட்ட இடத்தைத் துடைக்க மனசு வரவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் நாத்தனார் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என்னிடம் தண்ணி கேட்டார், செருப்பைக் கழற்றினார், நேராகத் தொட்டிக்குப் போனார். சத்தம் கேட்டுப் பாய்ந்து வந்த மீன், அவர் முகத்தைப் பார்த்ததும் வெடுக்கென்று திரும்பிக் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நைனா, நைனா என்று கூப்பிட்டுப் பார்த்தார். வெளியே வரவில்லை. அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

“மறந்துட்சாமே என்னிய?”

எனக்குத் தாங்கவில்லை. தொட்டியைத் தேய்த்தது, அது படுத்தது, போனில் பொய் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கதவையும் ஜன்னலையும் தூசி வராமல் சாத்திவிட்டு வந்து, கண்ணாடியைக் கழட்டுய்யா, உன் மூஞ்சி அதுக்குத் தெரியவில்லை என்றேன்.

கழற்றினார். கல்லுக்குப் பின்னாலிருந்து முதலில் வாய் தெரிந்தது, பிறகு ஒரு கண். அதன்பின் ஒரே பாய்ச்சல்தான். உடம்பையே ஆட்டிக்கொண்டு தொட்டிக் கண்ணாடியில் மேலும் கீழும் உரசியது, மேலே வந்து தண்ணீரைப் பீச்சியது. கண்ணில் படப்போகிறதே என்று பதறி நான் அவர் முகத்துக்கு முன்னால் கையை விரித்தேன். அவர் என் கையை மெல்ல இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“இத்தினி செவப்பாமே இது?”

குஞ்சாக வரும்போது அது கறுப்புதான். சிவப்பு பிறகு ஏறியது. கறுப்பு என்றே நினைத்துத்தான் இத்தனை நாள் அதனோடு பேசியிருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். என் கை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நெற்றி, கன்னம், தலை என்று மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“நீ எப்போமே இப்டி நரைச்ச?”

நாலு வருஷமாவுதுய்யா என்றேன். அவர் பார்வையை எடுக்கவில்லை, கண் கலங்கிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் விடக் கூடாது, டாக்டர் என்ன சொன்னார் என்று அவரை அதட்டிக்கொண்டே நான் அழுதேன்.