நீலம் போன நட்சத்திரம்

சிங்கின் வடிதட்டில் கிடந்த நீலத் துணுக்கைக் கண்டதும்தான் எனக்கு உறைத்தது: இது சாயமில்லை, கண்ணாடி! கண்ணாடியென்றால் மறுபடி உருக்கலாமே!

அம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. "ஐயோ, மனுசன்ர நீலம் போயிட்டுதடி!" என்று குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனுசன் என்றது நார்த்மீடில் எங்கள் அடுத்த வீட்டு வெள்ளைக்கார அங்கிளை. பழைய போர்வீரர்களின் வாரிசுகள் மட்டும் சேரக்கூடிய ஒரு சங்கம்; அதன் பதக்கம் அவருடைய பாட்டன் வழி வந்தது. தங்க நட்சத்திரம், முனைகளில் நீல எனாமல். மூத்த மகனுக்குத்தான் போகுமாம். அங்கிளுக்கோ ஒரே மகள், மெல்பேர்னில். அந்த வருடம்தான் சங்கம் பெண்களையும் சேர்க்கச் சம்மதித்திருந்தது. சனிக்கிழமை மகள் வருகிறாள், என் கையாலேயே அவளுக்குக் குத்திவிடப் போகிறேன் என்று வேலிக்கு மேலால் அதைக் காட்டினார்.

அழுக்கைக் கண்டால் அம்மா விடுவாரா? தங்கம்தானே என்று அவரிடம் கேட்டு வாங்கிவந்து, தாலிக்கொடியைக் கழுவுவது போலவே சவுக்காரத்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டோடு குழாய்த் தண்ணீரில் பிடித்தார். ஒரு முனை வெறும் தங்கமாகிவிட்டது.

சொல்ல நான்தான் போனேன். அங்கிள் ஜன்னலடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அறைக்குள் போய்விட்டார்.

தன் அப்பா இதைக் குத்திக்கொண்டு குதிரையிலிருந்து விழுந்தவர், அப்போதும் ஒரு முனை போனது என்றார் அங்கிள் ஆங்கிலத்தில், அறைக்குக் கேட்கும்படி. சனிக்கிழமை அம்மாவின் கட்லட் வராவிட்டால்தான் தனக்குக் கோபம் வரும் என்றார்.

அம்மா வெளியே வந்தார். "கட்லட் செய்யலாம். ஆனா உந்தக் கோலத்திலயோ பிள்ளைக்குக் குத்துறது?"

"நான் செய்து பாக்கிறன் அம்மா. என்ர நகை வகுப்பில சூளை இருக்கு."

"நீயோ? போன மாசம் கேக்கையே கருக்கினனி!"

கேக் என்ற சொல் போதுமாயிருந்தது, அங்கிள் சிரித்துவிட்டார். அந்தக் கேக்கைத் தின்று முடித்தவர் அவர்தான்.

அம்மா சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "முதல் இதில செய்து பார். எரிஞ்சா என்ர எரியட்டும்."

மறுநாள் காலை பரமட்டாவில் பஸ் மாறி வகுப்புக்குப் போவது; முதலில் ஒரு செப்புத் தகடு, அதில் எனாமல் வெடிக்காமல் நின்றால் அம்மாவின் மோதிரம், அதுவும் தப்பினால் மட்டும் அங்கிளின் நட்சத்திரம் என்று மூவரும் முடிவெடுத்தோம்.