நூல் கடித்த முன்பற்கள்

என் தம்பிக்குத் தெருவில் ‘வெடி டெய்லர்’ என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, ஆள் கோபக்காரர் போலிருக்கிறது என்று தயங்கித் தயங்கித்தான் துணியைக் கொண்டுவருவார்கள். வந்து பார்த்தால், கழுத்தில் டேப்போடு, வாயை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டுகிற மனுஷன் ஒருவர் நிற்பார். இவருக்கு எதற்கு இப்படி ஒரு பெயர் என்று என்னிடம் கேட்பார்கள். நான் அவன் அக்கா, கடையில் கைவேலை என்னுடையது. காஜா, பட்டன், ஓரத்தை மடித்துத் தைப்பது எல்லாம் நான்தான். வாசலை ஒட்டி என் முக்காலி இருப்பதால் எந்தக் கேள்வியும் முதலில் என்னிடம்தான் வரும்.

அது சிரிப்பால் வந்த பெயர். சின்ன வயதில் அவன் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். முதலில் மூச்சை உள்ளே இழுப்பான், கண் இரண்டும் மூடிக்கொள்ளும், ஒரு நொடி ஒன்றுமே நடக்காது. பிறகு ‘டமார்’ என்று வெடிக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் அம்மா அவனைத் தேடிக்கொண்டு போனதே கிடையாது. வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பாள். “பால்கார வீட்டுப் பக்கம் இருக்கான். போய் இழுத்துட்டு வா” என்று என்னை அனுப்புவாள். போனால் அங்கேதான் இருப்பான்.

பதினேழு வயதில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த திமிரில், இறக்கத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு வந்தான். பின்னால் வந்த கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு வந்தவன், நடைபாதை விளிம்பில் போய் முகத்தைப் பதித்தான். உதடு ஆறிவிட்டது. முன்பல் உடையவும் இல்லை. அப்பாடா என்று இருந்தோம். ஆனால் நாளாக ஆக அந்த ஒரு பல் மட்டும் நிறம் மாறி, மழைக்கு முன்னால் வானம் கறுக்குமே, அந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

அப்போது அவன் வேலை பழகிக்கொண்டிருந்த கடையில் ஒருத்தன், “என்னடா, வாசல்ல ஒரு பல்பு ஃபியூஸ் போயிருக்கு?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். சிரிக்கும்போதே கை வாய்க்குப் போனது. அன்றைக்கு ஏறிய கை பிறகு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு வெடிச் சத்தம் கேட்கவில்லை. சிரிப்பு வந்தால் டேப்பின் நுனியை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வான், தோள் மட்டும் குலுங்கும். கல்யாணப் போட்டோவில் வாயைப் பூட்டி வைத்த மாதிரி நிற்கிறான். பையன் பிறந்தபோது எடுத்த படத்திலும் அப்படியே. மீசை வளர்த்தான், அதுவும் பல்லை மறைக்கத்தான். ஊரில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவன் பல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் இருந்தது. ஆனால் வேண்டும் என்கிற நேரத்தில் அது ஒரு நாளும் கைக்குக் கிடைத்ததில்லை. அதனால் அம்மா நூலைப் பல்லால்தான் கடிப்பாள். பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்டைப் பட்டன் அறுந்தால், சட்டையைக் கழற்றக்கூட விடமாட்டாள். “அசையாத நில்லு, குத்திடும்” என்று போட்டிருக்கிற சட்டையிலேயே தைப்பாள். தைத்து முடித்ததும் முகத்தை நம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டுவந்து நூலைக் கடிப்பாள். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவள் தலைமுடி நம் தாடையில் உரசும். எங்கள் அம்மா கொஞ்சுகிற ரகம் இல்லை. கட்டிப்பிடித்துக்கொள்வது எல்லாம் அவளுக்கு வராது. அந்த நூல் கடிக்கிற நேரத்தில்தான் எங்களுக்கு அவள் அவ்வளவு கிட்டத்தில் வருவாள். பட்டன் நன்றாக இருக்கும்போதே தம்பி அதைத் திருகித் திருகி அறுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவனும் அப்படியே பழகிக்கொண்டான். முப்பது வருஷத்துக்கு மேல் நூல் கடித்துக் கடித்து, நிறம் மாறாத இன்னொரு முன்பல்லின் நுனியில் நூல் உட்காருகிற மாதிரி ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. வாடிக்கையாளர் யார் இருந்தாலும் சரி, கடைசித் தையல் முடிந்தால் குனிந்து ஒரு கடி. ஆக, ஒரு பல் கறுத்தது, ஒரு பல் தேய்ந்தது.

எங்கள் தெருவில் பல் டாக்டரம்மா ஒருவர் வந்து ஆஸ்பத்திரி திறந்தார். வெள்ளைக் கோட்டுத் தைக்க எங்கள் கடைக்கு வந்தார். போட்டுப் பார்க்கும்போது கைப்பட்டன் லூசாக இருந்தது. தம்பி இறுக்கித் தைத்துவிட்டு வழக்கம்போலக் குனிந்து கடித்தான். டாக்டரம்மா கையை இழுத்துக்கொள்ளாமல் அவன் வாயையே பார்த்தார்.

“டெய்லர் சார், கொஞ்சம் வாயைத் திறங்க.”

“அளவு எடுக்கிறது என் வேலைம்மா.”

“எனக்கும் அதே வேலைதான். திறங்க.”

திறந்தான். என் தம்பி யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

வெனீர் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். பல்லின் முன்பக்கத்தில் மெல்லிசாகக் கொஞ்சம் சீவிவிட்டு, நகம் அளவுக்குப் பீங்கான் ஓடு ஒன்று செய்து ஒட்டுவார்களாம். சீவின பல் பழையபடி வளராது, அதனால் யோசித்துத்தான் இறங்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். தம்பி வீட்டுக்கு வந்து நாள் கணக்கில் யோசித்தான். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுகிறவன் இதை மட்டும் நேராகச் சொல்லவில்லை. பொத்தான் டப்பாவைக் கிளறிக்கொண்டே, “பையன் வேலைக்கு வெளியூர் போகப் போறான்க்கா. என் சிரிப்பு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியவே தெரியாதுல்ல?” என்றான். பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பீங்கானுக்கு நிறம் பார்க்கிற நாளில் நானும் தம்பி மனைவியும் கூடப் போனோம். டாக்டரம்மா ஒரு பட்டையை எடுத்தார். அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பற்கள், ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை.

“இதுதாங்க, இதுதான்” என்று தம்பி மனைவி இருப்பதிலேயே வெளுத்ததைத் தொட்டாள். “பண்றதே பண்றோம், பளிச்சுன்னு இருக்கட்டுமே.”

“பக்கத்துப் பல்லெல்லாம் பழசு. நடுவுல இது மட்டும் பளிச்சுன்னா, பழைய சட்டைக்குப் புதுப் பாக்கெட் வெச்ச மாதிரி இருக்கும்” என்றான் தம்பி.

“ஏங்க, அப்ப எல்லாப் பல்லுக்கும் போட்டுடலாமா?”

“உனக்கு வேணும்னா நீ போட்டுக்க.”

“என் பல்லுக்கு என்ன குறைச்சல்? அண்ணி, நீங்களே சொல்லுங்க!”

நான் பட்டையில் இருந்த பற்களை எண்ண ஆரம்பித்தேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டு, “லைட்ல பார்த்தா ஏமாத்தும். ஜன்னல் பக்கம் வாங்க” என்றார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். துணிக்கு நூல் சேர்க்கும்போது அவன் டியூப் லைட்டை நம்பவே மாட்டான், வாசலுக்குத்தான் போவான். அந்த ஒரு வார்த்தையில் டாக்டரம்மா அவன் மனதில் நம்ம ஆள் ஆகிவிட்டார். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று குட்டிப் பற்களை ஒவ்வொன்றாக அவன் உதட்டருகே வைத்துப் பார்த்து, லேசாக மஞ்சள் ஓடின ஒரு வெள்ளையை எடுத்தார்கள். இரண்டு முன்பல்லுக்கு மட்டும் போதும் என்று முடிவானது.

கறுத்த பல்லின் வேரை முதலில் சுத்தம் செய்தார்கள். பிறகு பல்லைச் சீவி, அச்சு எடுத்து, பீங்கான் வரும்வரைக்கும் தற்காலிக ஓடு ஒட்டினார்கள். “இது லேசானது, சீக்கிரம் உடையும். நூல் கடிக்கக் கூடாது, குண்டூசியை வாயில வெச்சுக்கக் கூடாது. இதைப் பத்திரமா வெச்சுக்கிட்டா பீங்கானையும் வெச்சுப்பீங்க” என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைக்கு வந்து, பாதியில் இருந்த சட்டைக் கழுத்தை முடித்தான், குனிந்தான், கடித்தான்.

‘டிக்’ சத்தம் வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது. கையில் நூலும், நூலோடு பாதி ஓடும்.

மறுநாள் டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சரி, பீங்கான் வந்தாலும் இப்ப ஒட்டமாட்டேன். அதுவும் இதே மாதிரி போகும். மறுபடி தற்காலிகமா ஒட்டறேன். நூல் கடிக்காம இருந்து காட்டிட்டு வாங்க” என்று முடித்துவிட்டார்.

அந்த நாட்களில் என் தம்பி பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியைக் கயிற்றில் கோத்து அவன் மனைவி கழுத்தில் மாட்டிவிட்டாள். கத்தரி நெஞ்சில் ஆடும், இவன் அதைத் தாண்டி வாயைக் கொண்டுபோவான். “டேய்!” என்று நான் கத்துவேன். “தெரியும்க்கா, தெரியும்” என்று நிமிர்வான். கத்திக் கத்தி என் தொண்டை கட்டியது. கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மிச்சத் துணியில் முகமூடி ஒன்று தைத்து, காதில் மாட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தான். நூலைக் கடிக்கப் போனால் துணிதான் பல்லில் படும். வாடிக்கையாளர்கள் பயந்துவிட்டார்கள்.

“என்ன வெடி, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வாய்க்குத்தான் காவல் போட்டிருக்கேன்.”

“உனக்குமா? எனக்கு வீட்டுல போட்டுட்டாங்க!”

இப்படியே அந்தப் பழக்கத்தைத் தோள் தட்டி உட்கார வைத்தான். ஒரு பழக்கத்தை அதட்டாமல், கோபப்படாமல், முகமூடியின் ஓரத்துக்குக்கூடப் பைப்பிங் பட்டி வைத்துத் தைத்துப் பழக்குகிற பொறுமை என் தம்பிக்குத்தான் உண்டு. தற்காலிக ஓடு உடையாமல் நின்றது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, “இப்ப வாங்க” என்றார்.

பீங்கான் ஓடுகளை ஒட்டி, நீல விளக்கு காட்டி, கடித்துப் பார்க்கச் சொல்லி, உராய்ந்த இடத்தைச் சரிசெய்தார். மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், கெட்டியானதை முன்பல்லால் கடிக்கக் கூடாது, தூக்கத்தில் அவன் பல்லை நறநறவென்று கடிப்பதால் படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். “தினமும் இதைப் பல்லுக்கு நடுவுல விட்டு எடுங்க.”

தம்பி திறந்து பார்த்தான். உள்ளே நூல்.

“என்னம்மா இது, நூலுக்குப் பயந்துதானே முகமூடி போட்டேன்?”

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றான். கறுப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டு பல்லும் அவன் பிறவிப் பல் மாதிரியே இருந்தன. நானும் காத்திருந்தேன், அவன் மனைவியும் காத்திருந்தாள். பையன் ஏதோ கிண்டல் செய்தான். தம்பிக்குச் சிரிப்பு வந்தது. கை வாய்க்குப் போய்விட்டது.

பல் சரியாகிவிட்டது, கைக்கு அது தெரியவில்லை. நாங்கள் சொல்லிப் பார்த்தோம். “தெரியும்க்கா” என்பான். அடுத்த சிரிப்பில் டேப் உதட்டில் இருக்கும். உறையைத் தவறாமல் மாட்டினான், நூலைத் தவறாமல் விட்டு எடுத்தான். யாரும் பார்க்காத இரண்டு பல்லை அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டான். பையன் கிளம்புகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாளும் வந்தது. வாசலில் வண்டி நின்றது. பையன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான். பையின் வார் இழுத்து நெஞ்சுப் பட்டன் தெறித்து நிலைப்படியில் உருண்டது.

“விடுங்கப்பா, போய்த் தைச்சுக்கறேன்.”

“பட்டன் இல்லாமயா டெய்லர் பையன் போவான்? நில்லு. அசையாத, குத்திடும்.”

அம்மாவின் வார்த்தை, அதே குரல். போட்டிருந்த சட்டையிலேயே தைத்தான். முடிச்சுப் போட்டான். இடது கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நூலை விறைப்பாக இழுத்துக்கொண்டு, முகத்தைப் பையன் நெஞ்சுக்குக் கொண்டுபோனான்.

“அப்பா! பல்லு!”

“ஏங்க! கழுத்துல கத்தரி தொங்குது!”

“டேய்!”

மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். வண்டிக்காரர் பதறி எட்டிப் பார்த்தார். தம்பி வாயைத் திறந்தபடி, நூலுக்கு ஒரு விரல் தூரத்தில் அப்படியே நின்றான். பிறகு மூச்சை உள்ளே இழுத்தான். கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், அடுத்து என்ன வரப்போகிறது என்று.

வெடித்தான். ஒரு கையில் சட்டை, ஒரு கையில் நூல், வாயை மூட அவனுக்கு மூன்றாவது கை இல்லை. எதிர் வீட்டு மாடியில் ஆள் வந்து நின்றார். பையன் அப்பாவின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில், இப்படி ஒரு சத்தத்தோடு, முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சிரிக்க ஆரம்பித்தான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. இத்தனை நாள் அவனுக்குள்ளும் அது இருந்திருக்கிறது.

“அக்கா, நீ வா” என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டே. “நூலு கையிலேயே இருக்கு.”

கத்தரி அவன் கழுத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. என் பல்லுக்கு ஓடும் இல்லை, உறையும் இல்லை. குனிந்து பையன் நெஞ்சில் முகத்தை வைத்து நூலைக் கடித்தேன். ‘டிக்.’ புதுத்துணி வாசனை. நிமிர்ந்து பார்த்தபோது தம்பியின் இரண்டு கையும் காலியாக இருந்தன. பையன் வண்டியில் ஏறினான். ஒரு கை அவனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை, பழக்கத்தில் பாதி தூரம் மேலே போய், டேப்பைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கியது.